அந்தப் பதினைந்து வீதம் யாருடைய பொக்கெட்டிலிருந்து?

மட்டக்குளியில் வேலை தேடுகிற ஒருத்தருக்கு முதலில் கிடைப்பது ஒரு போன் நம்பர். ஸ்டோர்ஸில் நாட்டாமை வேலையோ, கொன்டேனர் யார்டில் லேபர் வேலையோ, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையோ, எதுவானாலும் அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு மேன்பவர் கம்பனி இருக்கும். போனை எடுப்பவர் சொல்லும் முதல் வசனமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "நாளுக்கு ரெண்டாயிரம், எல்லாம் சேர்த்து."

இந்தக் கட்டுரை அந்த 'எல்லாம் சேர்த்து' பற்றியது.

முதலில் சட்டம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், அதாவது நாம் ஈ.பி.எப். என்று சொல்வது. இன்றைய வீதப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதத்தை நீங்கள் கட்ட வேண்டும், அதற்கு மேலாக 12 வீதத்தை முதலாளி தன் காசிலிருந்து கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எப்.புக்கு, முதலாளி இன்னொரு 3 வீதம். ஆக முதலாளியின் பங்கு 15 வீதம். இதை உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. இதில் யாருக்கும் குழப்பம் இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது. ஏனென்றால் மேன்பவரில் 'முதலாளி' யார் என்பதே குழப்பம்.

இப்போது கணக்கு. நாள் சம்பளம் 2,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான முறையில் போனால் உங்கள் 8 வீதம், 160 ரூபா, வெட்டுப்படும். கைக்கு 1,840 வரும். முதலாளி தன் பக்கத்திலிருந்து 300 ரூபா கட்டுவார். உங்கள் பேரில் ஈ.பி.எப்.பில் 400, ஈ.டி.எப்.பில் 60 விழும்.

'எல்லாம் சேர்த்து' முறையில் என்ன நடக்கிறது? ஏஜென்ட் அந்த 2,000ஐத் தன் மொத்தச் செலவாக எடுத்துக்கொள்கிறார். அதற்குள்ளேயே 15 வீதத்தையும் அடக்குகிறார். அப்போது உண்மையான சம்பளம் 1,739 ரூபாவாகிறது. அதில் உங்கள் 8 வீதம் போக கைக்கு வருவது சரியாக 1,600. இரண்டுக்கும் வித்தியாசம் நாளுக்கு 240 ரூபா. மாதம் 25 நாள் வேலை என்றால் 6,000 ரூபா. யாரும் எதையும் களவெடுக்கவில்லை, ரசீதுகூட இருக்கும். முதலாளியின் பங்கைத் தொழிலாளி கட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இது நேர்மையான ஏஜென்டின் கதை. நேர்மையில்லாதவர் அந்த நானூறையும் வெட்டுவார், நிதிக்கும் அனுப்ப மாட்டார்.

நான் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை ஒரு ஸ்டோர்ஸில் லொறி இறக்கும் கூட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கே சம்பளச் சீட்டு என்று வந்தது ஒரு சின்னத் துண்டு: நாள் எத்தனை, அட்வான்ஸ் எவ்வளவு, 'ஈ.பி.எப். 20%' என்று ஒரு வெட்டு, மிச்சம். இருபது! எட்டும் பன்னிரண்டும் சேர்த்து ஒரே வரியில், ஒருவருடைய சம்பளத்திலிருந்தே. நான் கேட்டபோது சுப்பவைசர் கோபப்படவில்லை. மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: "தம்பி, அது உங்க காசுதானே, உங்க கணக்குக்குத்தானே போகுது." இறக்கும் ஆட்களில் மூன்று பேரிடம் உங்கள் அங்கத்துவ இலக்கம் என்ன என்று விசாரித்தேன். ஒருவரிடமும் இருக்கவில்லை.

அந்த சுப்பவைசர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஈ.பி.எப். வரி மாதிரி அரசாங்கத்தின் செலவுக்குப் போகும் காசு அல்ல, தொழிலாளியின் பேரில் சேரும் காசு. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் கைக்கு வரும். பத்து வருஷம் கட்டியிருந்தால், கணக்கில் போதிய தொகை இருந்தால், வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம் முன்கூட்டியே எடுக்கலாம். ஆனால் அதனாலேயே இதைத் தொழிலாளியே கட்டட்டும் என்று வாதிப்பது எப்படி இருக்கிறதென்றால், கல்யாண வீட்டுக்கு மொய் எழுத வந்தவர் மணமகனின் சட்டைப்பையிலிருந்தே காசை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுப்பது மாதிரி. கவர் அவர் பேருக்குத்தான். காசும் அவருடையதுதான்.

லண்டனில் இதே விளையாட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது: 'அம்பிரெல்லா கம்பனி'. குடைக் கம்பனி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள எத்தனையோ வீடுகளின் சொந்தக்காரப் பிள்ளைகள் அங்கே ஐ.டி. கொன்ட்ராக்டராகவோ, ஏஜென்சி நர்ஸாகவோ, வெயார்ஹவுஸிலோ இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் தெரியும். வேலை செய்வது ஒரு கம்பனிக்கு, ஆளை அனுப்புவது ஒரு ஏஜென்சி, சம்பளச் சீட்டில் பேர் இருப்பது குடைக் கம்பனிக்கு. அங்கே முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்புறுதி 2025 ஏப்ரலில் 13.8 வீதத்திலிருந்து 15 வீதமாக ஏறியது. அது தொடங்கும் வருட வருமான எல்லையும் 9,100 பவுணிலிருந்து 5,000 பவுணுக்கு இறங்கியது. சாதாரண வேலையில் இருப்பவருக்கு இதில் சம்பளச் சீட்டு மாறவில்லை. குடைக்குக் கீழே இருப்பவருக்கு மாறியது. ஏஜென்சி பேசும் ரேட் என்பது குடைக் கம்பனிக்குக் கொடுக்கும் தொகை, முதலாளியின் காப்புறுதியும் குடையின் கட்டணமும் அதற்குள்ளிருந்துதான் கழியும், அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் சம்பளம். ஆக அரசாங்கம் முதலாளிகள் மேல் கூட்டிய சுமை நேராக வந்து விழுந்தது வேலை செய்கிறவர் தலையில். நமக்குப் பழக்கமான 'எல்லாம் சேர்த்து'தான் அது, ஆங்கிலத்தில். எண்ணும் 15தான், தற்செயலாக.

ஆனால் பிரிட்டன் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. 2026 ஏப்ரல் 6ஐத் தொடக்கமாக வைத்து வந்த மாற்றத்தில், குடைக் கம்பனி வரியைக் கட்டாமல் ஓடினால் அதற்கு ஏஜென்சியும் பொறுப்பு. இடையில் ஏஜென்சி இல்லையென்றால் வேலை வாங்கிய கம்பனியே பொறுப்பு. நான் கட்டிவிட்டேன், அவன்தான் கட்டவில்லை என்று கையை விரிக்க முடியாது. அவர்கள் இதைச் செய்தது தொழிலாளிமேல் பாசத்தால் என்று நான் நம்பவில்லை. தங்கள் வரி காணாமல் போனது, அதனால் செய்தார்கள். நம் நாட்டில் காணாமல் போவது அரசாங்கத்தின் காசு இல்லையே, தொழிலாளியின் காசு. அவசரம் யாருக்கு?

இந்தியா இதை எப்போதோ எழுதி வைத்துவிட்டது. அங்கே 1952ஆம் ஆண்டின் சேமநிதித் திட்டத்தின் 30ஆவது பத்தி, ஒப்பந்தக்காரர் வழியாக வந்த தொழிலாளருக்கும் இரண்டு பங்கையும் கட்டும் பொறுப்பு பிரதான முதலாளிக்கே என்று சொல்கிறது. கட்டிவிட்டு ஒப்பந்தக்காரரிடமிருந்து அவர் அறவிட்டுக்கொள்ளலாம், அது அவர்களுக்குள் உள்ள விவகாரம். ஒப்பந்தக்காரர் முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் கூலியில் வெட்டக் கூடாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் கூலிக்கும் அதே விதி இருந்தது: ஒப்பந்தக்காரர் தராவிட்டால் பிரதான முதலாளி தர வேண்டும். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவரவில்லை. சென்னையில் துப்புரவுத் தொழிலாளர்கள் ஏன் தெருவில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வழக்குப் போட வேண்டி வந்தால் யார் வாசலுக்குப் போவது என்பதில் சட்டம் குழப்பவில்லை.

நம் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில், 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத்தில், முதலாளி என்பதற்கான வரைவிலக்கணம் அகலமானது. வேலைக்கு வைப்பவர் மட்டும் அல்ல, யாருக்காக இன்னொருவர் வேலைக்கு வைக்கிறாரோ அவரும் முதலாளிதான். வாசித்தால் மேன்பவருக்காகவே எழுதின மாதிரி இருக்கும். நடைமுறையில் தொழிலாளி நாரஹேன்பிட்டியில் முறைப்பாடு கொடுக்கும்போது எழுதுவது ஏஜென்டின் பெயரை. அந்த ஏஜென்டுக்கு ஒரு வாடகை அறையும் ஒரு லெட்டர்ஹெட்டும்தான் சொத்து. ஈ.பி.எப். பிந்தினால் 50 வீதம்வரை மேலதிகக் கட்டணம் விதிக்கலாம். யாரிடம் அறவிடுவது, அந்த லெட்டர்ஹெட்டிடமா?

எங்கள் வத்தையில் ஒரு அக்கா இருக்கிறார். பதினொரு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மாடியில் துப்புரவு வேலை. இந்தப் பதினொரு வருஷத்தில் அவருடைய கம்பனி மூன்று தடவை பெயர் மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தாளில் கையெழுத்து, ஒரு புது நியமனத் திகதி, ஒரு புது டீ-ஷேர்ட். கடைசித் தடவை "அக்கா, கம்பனி பேர் மட்டும்தான் மாறுது, வேலை அதேதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்டாராம்: "அப்போ என் பழைய வருஷம் எங்க போகும்?" பதில் இல்லை.

அந்தக் கேள்வியின் பெறுமதி பணிக்கொடையில் தெரியும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடத்தில் தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உரித்து. மாதச் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் கூலி. மேன்பவர் கம்பனிக்கு நான்கரை வருஷத்தில் வயதாகிவிடுவதன் ரகசியம் இதுதான் என்று நான் சொன்னால் மிகை என்பீர்களோ தெரியாது. அந்த அக்காவின் மூன்று தாள்களையும் பார்த்தேன், ஒன்றாவது ஐந்து வருஷத்தைத் தொடவில்லை.

இதில் எங்களுக்குப் புதுசு ஒன்றும் இல்லை. நம் ஏரியாவில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். அங்கே துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஒரு கங்காணி நின்றார். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தனியாகக் காசு. ஆளைக் கூட்டிவந்த செலவெல்லாம் தொழிலாளியின் கடனாகத் துண்டில் ஏறியது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். யார் ஆளை வேலைக்கு எடுக்கிறாரோ அவர் எடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் எழுதக் கூடாது என்ற விஷயம் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தடவை பேசி முடித்தது.

துறைமுகத்திலும் ஒரு தடவை பேசி முடித்தார்கள். கொழும்பில் கப்பல் சாமான் ஏற்றி இறக்கும் வேலை தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. 1958 ஓகஸ்டில் துறைமுக சரக்குக் கூட்டுத்தாபனம் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஈ.பி.எப். சட்டம் வந்த அதே வருஷம். முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய ஆட்களிடம் 'துறைமுக வேலை' என்றால் ஏன் ஒரு மரியாதை இருந்தது என்பதற்கு இது ஒரு காரணம்: பேர் பதிந்த வேலை, கடைசியில் ஒரு தொகை வரும் வேலை. இன்று அதே கொன்டேனர்தான். துறைமுக வேலிக்கு வெளியே வந்து யார்டில் இறங்கியதும் அதைத் தொடும் கைகளுக்கு முதலாளி இல்லாமல் போகிறார்.

அரசாங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய பாவம் அங்கேதான். 2016 டிசம்பர் கடைசியில் ஸ்ரீ லங்கா டெலிகொம்மில் மேன்பவர் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வருஷக்கணக்காக டெலிகொம்மின் வயரைத்தான் இழுத்தார்கள், டெலிகொம்மின் வாடிக்கையாளர் வீட்டுக்குத்தான் போனார்கள், ஆனால் கடதாசியில் அவர்கள் ஹியூமன் கெப்பிட்டல் சொலூஷன்ஸ் என்ற கம்பனியின் ஆட்கள். அந்தக் கம்பனியும் டெலிகொம்முடைய துணைக் கம்பனிதான்! தன் வலது கையிலிருந்து இடது கைக்கு ஆளை வாடகைக்கு எடுத்து, இவர்கள் என் ஆட்கள் இல்லை என்று சொன்ன கதை. மின்சார சபையிலும் மேன்பவர் ஆட்கள் நிரந்தர வேலை கேட்டு ரோட்டில் நின்றார்கள். அரசே இப்படியென்றால் மட்டக்குளி ஸ்டோர்ஸ்காரரிடம் என்னத்தைக் கேட்பது?

அரசாங்க ஆஸ்பத்திரிகளும் அலுவலகங்களும் துப்புரவுக்கும் காவலுக்கும் டெண்டர் போடுகிறார்கள். குறைந்த விலைக்கே கொடுக்கிறார்கள். சட்டப்படியான ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. முப்பதாயிரத்துக்கு 15 வீதம் 4,500. ஆக ஒரு ஆளுக்கு 34,500க்குக் கீழே விலை போட்டவர் ஒன்றில் லாபமே வேண்டாம் என்கிற புண்ணியவானாக இருக்க வேண்டும், அல்லது கட்டப்போவதில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கணக்காய்வாளர் தேவையில்லை, ஓ.எல். கணிதம் போதும். அதற்குக் கீழே உள்ள விலையை ஏற்றுக் கையெழுத்துப் போடும் அதிகாரி அந்த 4,500 எங்கிருந்து வெட்டப்படும் என்று தெரிந்துதான் போடுகிறார்.

இங்கே இன்னொரு வேடிக்கை. மேன்பவர் கம்பனி வற் வரிக்குப் பதிந்திருந்தால் பில்லில் 18 வீத வற் தனி வரியாக இருக்கும். யாரும் 'எல்லாம் சேர்த்து' என்பதில்லை, வாங்குபவர் அதைத் தனியாகக் கட்டுகிறார். அரசாங்கத்துக்குப் போகிற காசைத் தனியாக எழுதத் தெரிந்தவர்களுக்குத் தொழிலாளிக்குப் போகிற காசைத் தனியாக எழுத மட்டும் பேனை எழுதாது.

எதிர்வாதத்துக்கு வருவோம். பொருளியல் படித்த நண்பன் ஒருவன் சொன்னான்: "மச்சான், யார் பேரில எழுதினாலும் ஒன்றுதான். முதலாளி மொத்தச் செலவைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பான். பதினைந்து வீதத்தை அவன் தலையில போட்டால் அடுத்த வருஷம் சம்பளத்தைக் குறைப்பான் அல்லது கூட்டாமல் விடுவான். கடைசியில சுமக்கிறது தொழிலாளிதான்."

இதை நான் லேசாகத் தள்ளவில்லை. பேரம்பேசும் பலம் உள்ள வேலைகளில் இது பெரும்பாலும் நடக்கும். நம்மில் வெளிநாட்டுக் கம்பனிக்குக் கோட் எழுதுபவர்களுக்குத் தெரியும், 'கோஸ்ட் டு கம்பனி' என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டி, அதற்குள் 12ஐயும் 3ஐயும் அடக்கித்தான் ஒஃபர் லெட்டர் வரும். அங்கே நீங்கள் கணக்குப் பார்த்து, குறைந்தால் வேறு இடம் போகலாம். ஆனால் ஆகக் குறைந்த சம்பளத்தில் நிற்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது. சம்பளத்தை 30,000க்குக் கீழே குறைக்கச் சட்டம் விடாது என்றால் 15 வீதத்தை அவர்மேல் தள்ள ஒரே வழி ஏமாற்றுவதுதான். மேன்பவரில் பெரும்பாலானவர்கள் நிற்பது இந்த இடத்துக்குப் பக்கத்தில்.

அதைவிட முக்கியம், நண்பன் கேட்ட கேள்வியும் நான் கேட்கும் கேள்வியும் வேறு. சுமை நீண்டகாலத்தில் எங்கே போய் இறங்கும் என்பது அவனுடையது. காசு கட்டப்படாமல் போனால் யாரைப் பிடிப்பது என்பது என்னுடையது. பொறுப்பு ஏஜென்டிடம் மட்டும் இருந்தால், கட்டாமல் விடுவதுதான் அவருக்கு லாபம். அதே பொறுப்பு வேலை வாங்குகிற கம்பனிக்கும் இருந்தால், அடுத்த மாதமே அதன் கணக்காளர் ஏஜென்டிடம் "போன மாச சி படிவம் எங்க? கட்டின ரசீது எங்க? இல்லாட்டி பில் பாஸ் ஆகாது" என்று சொல்வார். தொழில் திணைக்களத்தின் நூறு சோதனைகளைவிட இந்த ஒரு வசனத்துக்குப் பலம் அதிகம். பில்லை நிறுத்தி வைக்கும் கை கம்பனியிடம் இருக்கிறது. தொழிலாளியிடம் எந்தக் கை இருக்கிறது? பேசினால் நாளைக்கு வராதே என்பார்கள்.

கம்பனிகள் சொல்வதும் கேட்கத்தக்கதுதான்: "நாங்கள் 15 வீதத்தையும் சேர்த்துத்தான் ஏஜென்டுக்குக் கொடுத்தோம். அவர் கட்டவில்லை என்றால் இரண்டு தடவை கட்டுவதா?" ஆமாம், கட்டத்தான் வேண்டும். கட்டிவிட்டு ஏஜென்டிடம் அறவிடுங்கள், வழக்குப் போடுங்கள், வைப்புப் பணம் வாங்கி வையுங்கள். ஏஜென்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். ஏஜென்டை வைத்ததால் பணிக்கொடையும் சம்பளப் பிரச்சினையும் இல்லாமல் லாபம் பார்த்ததும் நீங்கள். அவன் ஏமாற்றுக்காரனாக இருக்கும் நட்டம் மட்டும் ஏன் லொறி இறக்கியவருக்கு?

2023இல் தொழில் சட்டங்களையெல்லாம் ஒன்றாக்கும் பேச்சு வந்தபோது தொழிற்சங்கங்கள் பயந்தன, காரணத்தோடுதான். அந்தப் பேச்சு திரும்ப வரும். வரும்போது நான் பார்க்கப்போவது மூன்று விஷயங்கள்: 15 வீதம் நாள் ரேட்டுக்கு வெளியே தனி வரியாக எழுதப்படுகிறதா, அது கட்டப்படாவிட்டால் வேலை நடந்த இடத்தின் சொந்தக்காரரிடம் நேராக அறவிட முடியுமா, ஏஜென்ட் மாறினாலும் ஒரே இடத்தில் செய்த வருஷங்கள் பணிக்கொடைக்குக் கூட்டப்படுமா. மூன்றாவதற்குத்தான் கம்பனிகள் ஆகக் கடுமையாக எதிர்ப்புக் காட்டும் என்பது என் ஊகம்.

அதுவரைக்கும், இதை வாசிக்கும் யாராவது அல்லது உங்கள் வீட்டில் யாராவது மேன்பவரில் இருந்தால்: 'எல்லாம் சேர்த்து' என்று சொன்னால் பேசிக் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கத்தை வாங்குங்கள். கேட் பாஸ், வரவுப் பதிவின் போட்டோ, அங்குள்ள சுப்பவைசர் அனுப்பிய வட்ஸ்அப் மெசேஜ், எல்லாவற்றையும் வைத்திருங்கள். நாரஹேன்பிட்டிக்கு முறைப்பாடு எழுதும்போது முதலாளி என்ற கட்டத்தில் ஏஜென்டின் பெயரோடு நிறுத்தாமல், நீங்கள் உண்மையில் வேலை செய்த இடத்தின் பெயரையும் அதன் விலாசத்தையும் கீழே எழுதுங்கள்.